கழிக்க வேண்டிய சுற்றுகள்

மண் தடப் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் இடது பக்கம் மட்டும்தான் திரும்பும். முட்டை வடிவில் ஒரு தடம், அதில் நாலு சுற்று, சுற்றுக்கு இரண்டு வளைவு, எல்லாமே இடது. நாலு பேர் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள். வளைவு வந்ததும் வண்டியை இடது பக்கம் சாய்த்து, பின்சக்கரத்தை வெளியே வழுக்க விட்டு, இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். அந்தக் காலின் பூட்சுக்கு அடியில் மட்டும் ஓர் இரும்புத் தகடு கட்டிக்கொள்வார்கள். ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். 1974இல் மதராஸில் ஒரு மைதானத்தில் இதைப் பார்த்த சகாதேவன், அடுத்த பத்து வருடத்தை அந்த ஒன்றரை நிமிடத்துக்குக் கொடுத்துவிட்டான்.

அப்போது அவனுக்கு இருபது வயது. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி இருந்த பலராமனின் பட்டறையில் மெக்கானிக். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க மதராஸ் புதுப்பேட்டைக்குப் போனவன், கடைக்காரர் சாமான்களை எடுத்து வைக்கும்வரை பொழுதைப் போக்கலாம் என்று கூட்டத்தோடு கூட்டமாக மைதானத்துக்குள் நுழைந்தான். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அவனுடைய இடது கால் தானாகவே முன்சீட்டின் அடியைத் தேய்த்துக்கொண்டு வந்தது. அந்த சீட்டில் இருந்த அம்மாள் இரண்டு தடவை திரும்பி முறைத்தாள். அவனுக்கு அது தெரியவில்லை.

அடுத்த ஆறு மாதத்தில் ஒரு பழைய ஜாவா அவன் கைக்கு வந்தது. யாரோ கிணற்றில் விட்டு, பிறகு கயிறு கட்டி எடுத்த வண்டி. விளக்கு, மட்கார்டு, ஹாரன் என்று பந்தயத்துக்கு வேண்டாததையெல்லாம் கழற்றிப் போட்டான். என்ஜினை மூன்று தடவை பிரித்து மாட்டினான். ஓட்டிப் பழக இடம் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அடி அண்ணாமலையில் அவன் வீட்டுக்குப் பின்னாலேயே ஏரி. மாசியில் தண்ணீர் வற்றிவிட்டால் ஐப்பசி மழை வரைக்கும் சமதரையாகக் கிடக்கும். கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடி தூவித் தடம் போட்டான்.

மூன்றாம் நாள் பெரியப்பா அப்பாதுரை வந்தார். ஊரில் எந்தப் பேச்சும் அவர் இல்லாமல் முடிந்ததில்லை. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதும் இல்லை. கூட ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள்.

"இன்னாடா பண்ற?"

"பிராக்டீஸ் பெரியப்பா."

"அது தெரியுது. ஏன் இடமா சுத்தற?"

"பந்தயத்துல அப்படித்தான் சுத்துவாங்க."

"மலைக்கு முன்னாடியா?"

"நான் மலையையா சுத்தறேன்? ஏரியத்தானே."

"ஏரி எங்கடா இருக்குது? வேலூர்லயா?"

சகாதேவன் நிமிர்ந்து பார்த்தான். மலை இருந்த இடத்தில்தான் இருந்தது. இந்த ஊரில் சுற்றுவது என்றால் வலம்தான். மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றாதவன் இங்கே கிடையாது. குழந்தைகள் தட்டாமாலை சுற்றினால்கூட, இடமாகச் சுற்றினால் அதட்டல் விழும்.

கூட வந்தவர்களில் ஒருவர் சொன்னார். "கொள்ளிக்குடம் தூக்கினு சுத்தறவன்தாண்டா இடமா சுத்துவான். அதுவும் மூணே சுத்து. நீ ஒரு நாளைக்கு நூறு சுத்தற. யார் யாருக்குடா இத்தனை காரியம் பண்ற?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. "ஓட்ட வேணாம்னு யாரும் சொல்லல. வலமா ஓட்டிக்க. வண்டிக்கு இன்னா தெரியப்போவுது."

அன்றைக்கு அவன் சண்டை போட்டிருக்கலாம். ஏரி ஊருடையது, சண்டை போட்டால் ஏரி இல்லை. பக்கத்து ஊர் ஏரிகளிலும் இதே கதைதான் நடக்கும். அதோடு, வலது பக்கம் திரும்பத் தெரிந்தவனுக்கு இடது பக்கம் திரும்ப எத்தனை நாள் ஆகிவிடும் என்றும் நினைத்தான். கண்ணாடியில் பார்க்கிற மாதிரிதானே. சரி என்று தலையாட்டினான். தகட்டை வலது பூட்சில் மாற்றிக் கட்டிக்கொண்டான்.

அந்தத் தலையாட்டலின் விலை 1977 ஆகஸ்டில் தெரிந்தது. மதராஸில் அவனுக்கு அதுதான் முதல் பந்தயம். தகட்டை இடது காலுக்கு மாற்றியிருந்தான். தடத்தை மனப்பாடம் செய்திருந்தான். கொடி இறங்கியதும் நாலு பேரில் முதல் ஆளாகப் புறப்பட்டான். முதல் வளைவில் இரண்டு வருடப் பழக்கத்தில் வலது கால் தரையில் இறங்கியது. தகடு இல்லாத பூட்ஸ் மண்ணைக் கவ்வ, வண்டி நேராகப் போய் ஓரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் மூட்டைகளுக்குள் புகுந்தது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர், "எட்டாம் நம்பர் வீரருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது," என்றார். மைதானம் முழுக்கச் சிரித்தது. வைக்கோலை உதறிக்கொண்டு எழுந்தபோது அவனுக்கு அழுகை வரவில்லை. இதை யாரிடம் சொல்லி விளங்க வைப்பது என்ற ஆத்திரம்தான் வந்தது.

ஊருக்கு வந்ததும் நேராகப் பெரியப்பாவிடம் போனான். "இடமா ஓட்டலன்னா நான் பந்தயமே ஓட்ட முடியாது. ஓட்டக் கூடாதுன்னா அதையாவது வாய் திறந்து சொல்லிடுங்க."

பஞ்சாயத்துக் கட்டிடத்தின் முன்னால் ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, பையனைக் கெடுக்கவும் மனமில்லை. கடைசியில் வழி சொன்னது பேச்சில் இல்லாத ஆள். அப்பாதுரையின் மனைவி வெள்ளையம்மாள், ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனவள், நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: "முறுக்கின கயித்தைப் பிரிக்கறது இல்லையா? இடமா எத்தனை சுத்தறானோ, அத்தனை வலமா சுத்திக் கழிச்சுட்டாப் போவுது. இதுக்கா ஒரு நாள்பூரா ஒக்காந்துனு இருக்கீங்க?"

ஊருக்கு இது பிடித்துப்போனது. அங்கேயே விதிகள் போட்டார்கள். எந்த நேரத்திலும் பத்துச் சுற்றுக்கு மேல் பாக்கி நிற்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் பாக்கி இல்லாமல் கழித்துவிட வேண்டும். எண்ணுவது வெள்ளையம்மாள் பொறுப்பு. எப்படியும் அவள் ஆடுகள் அங்கேதான் மேய்கின்றன.

அவள் எண்ணியதில் ஒரு தடவைகூடத் தவறு வந்ததில்லை. கரையோரப் புளியமரத்தடியில் நின்றுகொண்டு, இடச்சுற்று ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டையை மடியில் போடுவாள். வலம் சுற்றி வந்தால் ஒன்றை எடுத்து வீசுவாள். பத்தாவது விழுந்ததும் கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தடத்துக்குள் இறங்கிவிடுவாள். ஆடுகளும் கூடவே இறங்கும்.

"இன்னும் ரெண்டே சுத்து பெரியம்மா, இப்பத்தான் கால் படியுது."

"படியட்டும். முதல்ல கழி."

ஐந்து வருடம் இப்படிப் போனது. போட்ட பெட்ரோலில் பாதி கழிக்கிறதற்குப் போனது. டயரின் இரண்டு விலாவும் சமமாகத் தேய்ந்தன. மற்றவர்களுக்கு இடது விலா மட்டும்தான் தேயும். இதெல்லாம்கூடப் பெரிதில்லை. காலையில் பத்துச் சுற்றில் உடம்பு கற்றுக்கொண்டதை, அடுத்த பத்துச் சுற்றில் அவனே உட்கார்ந்து அழிக்க வேண்டியிருந்தது. மதராஸில் எல்லா ஓட்டத்தின் புள்ளியும் சேர்த்து ஒரு வருடம் ஆறாவது, இரண்டு வருடம் ஐந்தாவது. ஒரு வருடம் நல்ல மழை. சித்திரையிலும் ஏரியில் தண்ணீர் நின்றது. அப்பா மல்லாட்டை விதைத்துவிட்டு மனம் நிறைந்து இருந்தார். சகாதேவன் தினமும் காலையில் கரைமேல் நின்று தண்ணீரை முறைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனான். விவசாயி வீட்டில் பிறந்து மழையைத் திட்டுகிற ஒரே ஆள் அவன்தான் என்று பலராமன் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

இதற்கு நடுவே போளூர் பக்கத்திலிருந்து கஸ்தூரியைக் கட்டிக்கொண்டு வந்தான். வந்த புதிதில் ஏரிக் கணக்கைக் கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "வீட்லயும் எதனா ஒண்ணு பண்ணா, திருப்பிப் பண்ணிக் கழிக்கணுமாங்க?" என்று கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

1983இல் மதராஸில் நாலாவதாக வந்தான். 1984 பங்குனியில் பட்டறை விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பெங்களூரில் மோட்டார் சைக்கிள் செய்கிற ஒரு கம்பெனியின் பந்தயக் குழுவின் மேனேஜர் சக்கரபாணி எழுதியிருந்தார். சென்ற வருடம் மதராஸில் அவன் ஓட்டியதைப் பார்த்தாராம். குழுவுக்குப் புதிதாக இரண்டு பேரை எடுக்கப்போகிறார்கள். கம்பெனி வண்டி, மாதச் சம்பளம். முப்பது வயது முடிந்தவர்களை எடுப்பதில்லை. ஒரு வேண்டுதலுக்காகச் சித்திரையில் திருவண்ணாமலை கோயிலுக்கு வருகிறேன், அப்படியே உன் தடத்தில் நீ ஓட்டுவதையும் பார்க்கிறேன் என்று முடித்திருந்தார்.

சகாதேவனுக்கு ஆவணியில் முப்பது முடிகிறது. கடிதத்தைப் பலராமனிடம் கொடுத்தான். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இத வுட்டா அவ்ளோதாண்டா," என்றார். அவனுக்கும் அது தெரியும்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்குப் போனான். "அவர் வர்ற அன்னிக்கி மட்டும் கணக்க சாயந்திரமா பாத்துக்கலாமா?"

"பாத்துக்கலாமே. பத்துக்குள்ள இருக்கற வரைக்கும்."

"அவர் பத்துக்கு மேல ஓட்டச் சொன்னா?"

"கழிச்சுட்டு ஓட்டு. மனுசன் அதுக்குள்ள எங்க ஓடிடப்போறார்?"

சக்கரபாணி சொன்ன நாளில் காலை எட்டு மணிக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி. கோயிலிலிருந்து நேராகக் காரில் வந்திருந்தார். பத்து மணிக்குப் புறப்பட வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே இறங்கினார். ஊரில் பாதி கரைமேல் நின்றது.

இரண்டு சுற்று என்ஜினைச் சூடு பண்ணினான். பிறகு நாலு சுற்று, ஸ்டாப் வாட்சில் தொண்ணூற்று மூன்று செகண்ட். இன்னொரு நாலு, தொண்ணூற்று இரண்டு. சக்கரபாணி அருகில் வந்து டயரைக் குனிந்து பார்த்தார். இரண்டு விலாவையும் விரலால் தடவினார். எதையோ கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டார்.

"எங்க பசங்க எம்பத்தொன்பதுல வர்றாங்க. ஆனா இந்தத் தரைக்கு இது மோசமில்ல. இப்பத்தான் உனக்குக் கூச்சம் போயிருக்கு. இன்னொரு நாலு ஓட்டு. இது நிஜ டைம்."

சகாதேவன் ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டான். தடத்தின் நடுவில் கோலை உயர்த்திக்கொண்டு வெள்ளையம்மாள் நின்றாள்.

"யாருய்யா இந்தம்மா?"

"எங்க பெரியம்மா சார். எண்ணுறவங்க."

"லேப் எண்றாங்களா? பரவாயில்லயே, நல்ல ஏற்பாடா இருக்குதே."

"அது இல்ல சார்," என்று சகாதேவன் ஆரம்பித்தான். வெயிலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. சக்கரபாணி மலையைப் பார்த்தார், வெள்ளையம்மாளைப் பார்த்தார், கையில் இருந்த வாட்சைப் பார்த்தார். இன்றைக்கு ஒரு நாள் சும்மா இருக்கச் சொல்ல முடியாதா என்று கேட்டார். கரைமேலிருந்து அப்பாதுரை இறங்கி வந்து கை கூப்பினார்.

"சார், உங்களுக்குத் தெரியாதது இல்ல. நீங்களே சாமி கும்பிட்டுட்டு வந்திருக்கீங்க. ஊரோட பேசின பேச்சு இது. ஒரு அஞ்சு நிமிசம்."

சக்கரபாணியின் கை தானாக நெற்றியைத் தொட்டுக்கொண்டது. "சரி, சீக்கிரம் கழிச்சுட்டு வா," என்றார்.

சகாதேவன் தகட்டை வலது பூட்சுக்கு மாற்றி இழுத்துக் கட்டினான். வண்டியைத் திருப்பி வலது பக்கம் விட்டான். எதிரில் யார் நின்றிருந்தாலும் அடித்துவிட்டுப் போகிற ஆத்திரம் அவனுக்குள் இருந்தது. ஏழு வருடம் கெஞ்சியது, வைக்கோல் மூட்டை, வற்றாத ஏரி, தொண்ணூற்று இரண்டு, எல்லாம் சேர்ந்து ஆக்ஸிலரேட்டரில் இறங்கியது. வளைவுகளில் என்ன செய்கிறோம் என்று அவன் யோசிக்கவில்லை. கால் தானாக இறங்கியது, தானாக எழுந்தது. புழுதி கரை வரைக்கும் எழும்பி ஆட்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள்.

சக்கரபாணி பழக்கதோஷத்தில் வாட்சை அழுத்தியிருந்தார். நாலு சுற்று முடிந்ததும் முள்ளைப் பார்த்துவிட்டு, தப்பாக அழுத்திவிட்டோம் என்று மறுபடி அழுத்தினார். பத்தும் முடிந்து அவன் வந்து நின்றபோது, வாட்சை அவன் முகத்துக்கு நேரே காட்டினார்.

எண்பத்தெட்டரை.

"முதல் நாலும் இதேதான். இந்த டைம் இடது பக்கம் வந்திருந்தா, இங்கயே, இந்தக் கார் மேலயே வச்சுக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிருப்பேன்."

"வலமா ஓட்டற பந்தயம் எங்கனா இருக்குதா சார்?"

"நான் கேள்விப்பட்டதில்லப்பா. மண் தடத்துல எங்கயும் இல்ல. வெளிநாட்லயும் இல்ல."

அவர் நல்ல மனிதர். காரில் ஏறுவதற்கு முன்னால் மறுபடி இறங்கி வந்தார். மே கடைசியில் பெங்களூரில் கடைசித் தேர்வு இருக்கிறது, பேரை எழுதிக்கொள்கிறேன் என்றார். "உனக்கு வேகம் இருக்கு. அது தப்பான பக்கத்துல கெடக்கு. ஒரு மாசத்துல இந்தப் பக்கம் கொண்டு வர முடியுமான்னு பாரு."

கார் போன பிறகுதான் கரைமேல் இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்தது. அவர்கள் அதை வேறு விதமாகக் கேட்டுக்கொண்டார்கள். இடமாக ஓட்டினால் தொண்ணூற்று இரண்டு, வலமாக ஓட்டினால் எண்பத்தெட்டரை. பெங்களூர் ஆளே தன் வாட்சில் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பொழுது சாய்வதற்குள் டவுனில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இது பரவியது. பூக்கடைக்காரர் ஒருவர் சகாதேவனை நிறுத்தி, "கேட்டனே, மலையே தள்ளுச்சாமே," என்றார். அப்பாதுரையின் முகத்தில் அவன் அதுவரை பார்த்திராத ஒரு பெருமை இருந்தது. அதில் கேலி துளியும் இல்லை. தம்பி மகனுக்குக் கிடைத்ததைத் தனக்குக் கிடைத்ததாக நினைக்கிற முகம்.

மறுநாள் காலை சகாதேவன் அவரிடம் கேட்டான். "ஒரே ஒரு மாசம் பெரியப்பா. கழிக்காம, இடமா மட்டும் ஓட்டிக்கறேன். மொத்தத்தையும் பெங்களூர் போய் வந்ததும் கழிச்சிடறேன்."

"ஏண்டா, கண்ணால பாத்தப்புறமுமா? எந்தப் பக்கம் வேகம் வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. அத வுட்டுட்டு வராத பக்கமே போறன்ற."

"அந்தப் பக்கம் பந்தயம் இல்ல பெரியப்பா."

"நடத்தச் சொல்லு. உன் டைமத்தான் அவரே எழுதினு போயிருக்காரே."

எதிரில் இருப்பவர் ஏமாற்றுகிறவராக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். இவர் நம்பிச் சொல்கிறார்.

வாசலில் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள், புருஷன் உள்ளே போகும்வரை காத்திருந்தாள். "மலை தெரியாத இடமாப் பாத்துப் போ. அங்க நீ இன்னா பண்றேன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றாள்.

மலை தெரியாத இடம் கிடைப்பது லேசாக இல்லை. செங்கம் பக்கம் போனான், தெரிந்தது. தண்டராம்பட்டு தாண்டினான், நீலமாக, சின்னதாக, ஆனால் தெரிந்தது. மூன்று ஞாயிறு இதிலேயே போனது. யாரும் பார்க்காவிட்டால் என்ன என்று ஓரிடத்தில் வண்டியை நிறுத்திக் கயிற்றை எடுத்தான். தலையைத் திருப்பினால் அந்த நீலம். கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டான். ஊரைத்தான் திட்டிக்கொண்டிருந்தான், ஆனால் அந்த ஊர்க்காரன்தான் அவனும். கடைசியில் தானிப்பாடிக்கு அப்பால் ஒரு கரட்டுக்குப் பின்னால், விதைக்காமல் கிடந்த ஒரு புஞ்சை கிடைத்தது. கரடு மலையை முழுசாக மறைத்தது. பலராமன் தெரிந்த லாரிக்காரரிடம் சொல்லி, விடியற்காலையில் வண்டியை ஏற்றிவிட ஏற்பாடு செய்தார். காலை பத்து மணி வரை ஓட்டிவிட்டுப் பட்டறைக்கு வந்துவிடுவான்.

பதினோரு நாள் கிடைத்தது. பதினோரு நாளும் இடது மட்டும். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பத்தைத் தாண்டி, இருபதைத் தாண்டி, பெட்ரோல் தீர்கிறவரைக்கும் ஒரே பக்கம் திரும்பினான். ஐந்தாம் நாள் தொண்ணூற்று ஒன்று. எட்டாம் நாள் தொண்ணூறரை. பதினோராம் நாள், கடைசி நாலு சுற்றில், வலது பக்கம் ஓட்டும்போது வருகிற அந்த யோசிக்காத கால் இடது பக்கமும் ஒரு வளைவில் வந்தது. ஒரே ஒரு வளைவில். வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இன்னும் ஒரு மாதம் இருந்தால் போதும். இரண்டு வாரம்கூடப் போதும். லாரி ஹாரன் அடித்தது.

பெங்களூரில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன்கள். சகாதேவன் தொண்ணூற்றில் ஆரம்பித்தான். மதியம் எண்பத்தொன்பதே முக்கால். கடைசி ஓட்டத்தில் எண்பத்தொன்பதரை. சக்கரபாணி பேர்களைப் படித்தார். முதலாவது ஆள் எண்பத்தெட்டே முக்கால். இரண்டாவது ஆள் எண்பத்தொன்பது. மூன்றாவது பேர் சகாதேவனுடையது. அதைப் படிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஆனாலும் படித்தார்.

பிறகு தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்தார். "ஒரு மாசத்துல ரெண்டரை செகண்ட் கொறச்சிருக்க. இப்படி யாரும் கொறச்சு நான் பார்த்ததில்ல."

"இன்னும் கொஞ்சம் டைம் குடுத்தீங்கன்னா அரை செகண்ட் வந்துடும் சார்."

"வரும். எனக்குத் தெரியும். ஆனா அடுத்த செலக்ஷன் அடுத்த வருஷந்தான்." அடுத்த வருடம் அவனுக்கு முப்பது தாண்டியிருக்கும். கம்பெனி விதியை அவன் மாற்ற முடியாது, அவரும் மாற்ற முடியாது. வாட்ச் சரியாகத்தான் ஓடியது. எடுத்த இரண்டு பேரும் அவனைவிட வேகமாகத்தான் ஓட்டினார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம், யார் மேலாவது கோபப்பட முடியுமா என்று ஒவ்வோர் ஆளாக நினைத்துப் பார்த்தான். ஒருவரும் கிடைக்கவில்லை. பஸ் செங்கத்தைத் தாண்டியதும் ஜன்னலோரம் இருந்தவர்கள் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவன் கையும் போனது.

மறுநாள் அப்பாதுரை பட்டறைக்கே வந்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாச்சுடா?"

"மூணாவது பெரியப்பா."

"பதினோரு பேர்ல மூணாவதா? நல்லதுதானே."

"ரெண்டு பேரத்தான் எடுத்தாங்க."

அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "வலமா ஓட்டிக் காட்டறேன்னு கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

சகாதேவன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். பலராமன் கார்புரேட்டரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். "கேட்டிருக்கலாம் பெரியப்பா. தோணல," என்றான் சகாதேவன்.

"அதான். பதட்டத்துல தோணாது." அவருக்கு அது நியாயமாகப் பட்டது. எழுந்து, ஷெட்டின் மூலையில் புழுதியோடு நின்ற ஜாவாவைச் சுற்றிப் பார்த்தார். "புதன்கிழமை தாலுகா ஆபீஸ் போவணும். பட்டா விஷயம். முட்டி வலி, பஸ் ஏற முடியல. இதுல கொண்டுபோயி வுடறியா?"

"இதுல பிரேக் இல்ல பெரியப்பா."

"பிரேக் இல்லயா? அப்பறம் எப்படிடா நிறுத்துவ?"

"பந்தயத்துல நிறுத்தத் தேவை இல்ல. பிரேக் போட்டா பின்னால வர்றவன் நம்ம மேல மோதுவான். அதனால எல்லாருக்கும் கழட்டிடுவாங்க."

அப்பாதுரை அவனை நம்பாமல் பார்த்தார். பத்து வருடமாக ஏரியில் இவன் பிரேக் இல்லாமல்தான் ஓட்டினான் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. "உங்க பெரியம்மா குறுக்க வந்து நின்னாளேடா," என்றார் மெதுவாக.

"ஆமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வாசலில் நின்று, பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றார்.

சகாதேவன் அன்றைக்கு வந்த இரண்டு புல்லட்டுகளையும் ஒரு ராஜ்தூத்தையும் முடித்துக் கொடுத்தான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஜாவாவை வெளிச்சத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து, பின்சக்கரத்தைக் கழற்றினான். பலராமன் எட்டிப் பார்த்தார். "இன்னாடா மாட்டற?"

"பிரேக்கு."

"பின்னாடி மட்டுமா?"

"முன்னாடியும்தான். கெழவன உக்கார வச்சுனு போவணுமில்ல," என்றான். பலராமன் உள்ளே போய் பழைய சாமான் டப்பாவைக் கிளறி, சரியான அளவில் இரண்டு ஜோடி பிரேக் ஷூவைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் வைத்தார். தேய்மானம் எவ்வளவு என்று சகாதேவன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். இன்னும் ரொம்ப நாள் வரும்.